தேதி போடத் தெரிந்தவர்

12-11-2024: பீமராவ் வாங்கியது. ரூ. 52,500
03-03-2025: ராஜகோபாலன் வாங்கியது. ரூ. 38,900

முதல் வரியைப் பொறுக்க முடியாமல் பிறந்ததுதான் இரண்டாவது.

நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர் ஸ்ரீரங்கம் ராஜகோபாலன். வானியல் சங்கம் வருடந்தோறும் நடத்தும் மாலைக் கூட்டத்தில், தன் சின்ன டெலஸ்கோப்பைக் கையால் நகர்த்தி நகர்த்தி, வியாழனைக் காட்டுவார். பதினெட்டு வருடமாக அந்த இடம் அவருடையது.

புத்தூர் பீமராவ் கம்ப்யூட்டர் மவுண்ட் வாங்கியதும் அந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. டெலஸ்கோப்பை அதில் மாட்டி, கிரகத்தின் பெயரைத் தட்டினால் போதும். தானே தேடிப் பிடித்துக் கூடவே திரும்பும்.

"மார்ச் இருபத்திரண்டாம் தேதி கூட்டத்துல ராவ் சாரே காட்டட்டுமே. நீங்க ஏன் குனிஞ்சு கஷ்டப்படணும்?" என்றார் செயலாளர் அமிர்தராஜ்.

"என் இடுப்பைப் பத்தி யார் கேட்டா? நானும் வாங்கறேன்."

"அப்ப பதினஞ்சுக்குள்ள வியாழனைப் பிடிச்சுக் காட்டிடுங்க. நீங்களே பண்ணுங்க."

விலை, தாங்கும் எடை, மோட்டார் சத்தம் என்று கட்டம் போட்டு ஏழு மவுண்டுகளுக்கு மதிப்பெண் இட்டார். பீமராவுடையதே முதலில் வந்தது. மோட்டார் சத்தத்துக்கு மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கினார். அப்போதும் அதுவே. விலைக்கு மும்மடங்கு கொடுத்த பிறகுதான் அது மூன்றாமிடத்துக்கு இறங்கியது. அன்றுதான் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மார்ச் ஐந்தாம் தேதி, இருட்டியதும் மொட்டை மாடியில் 05-03 என்று தேதியைக் கொடுத்து, வியாழனைத் தேடச் சொன்னார். வியாழன் தலைக்கு மேலே இருந்தது. மவுண்ட் மேற்கே திரும்பி, பக்கத்து வீட்டுத் தென்னையைக் காட்டியது. எட்டாம் தேதி வேறெங்கோ திரும்பியது. பதிமூன்றாம் தேதி, அந்தத் தேதியே தவறு என்று திரையில் வந்தது.

"ஏன்னா, பீமராவையே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?" என்றாள் மனைவி கோதைநாயகி.

"அவனையா? அதுக்கு இதைக் கொள்ளிடத்துல போட்டுடலாம்."

அவள் இவருக்குத் தெரியாமல் பீமராவுக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை போன் வந்தது.

"சார், அந்தத் தேதி போடறதுல ஒரு சின்ன விஷயம்..."

"தேதியா? எனக்கா? அறுபது வருஷமா டைரி எழுதறேன் ஐயா! சொல்லணும்னா எழுதி அனுப்புங்கோ." வைத்துவிட்டார்.

பதினைந்து கடந்தது. இருபத்திரண்டாம் தேதி பீமராவே காட்டினார். ராஜகோபாலனும் வரிசையில் நின்று குனிந்து பார்த்தார். வியாழனும் நான்கு நிலாக்களும் நடுவில் அசையாமல் நின்றன. குறை சொல்ல எதுவுமில்லை என்பதே பெரிய எரிச்சலாக இருந்தது.

ராஜகோபாலன் சொன்னபடி பீமராவ் எழுதித்தான் அனுப்பியிருந்தார், பதினான்காம் தேதியே. "சார், இந்த மிஷினுக்கு முதலில் மாதம், பிறகுதான் தேதி. நானும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்." கிழக்குச் சித்திரை வீதிக்குப் பதில் மேற்குச் சித்திரை வீதி என்று விலாசம் எழுதியிருந்தார். அந்த ஒரு பிழைக்கு அடியில் ராஜகோபாலன் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டார்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 24-03-2025.