அக்கா கொண்டுபோன முதுகுப்பை

அக்கா கிளம்பிய வெள்ளிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் வீடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என் முதுகுப்பை அவள் தோளில் ஏறிவிட்டது. பேருந்து நிலையம் வரை கூடவே வந்த அம்மா வழிநெடுக என்னைத்தான் திட்டினாள்.

"நீ ஊர் சுத்துனது பத்தாதுன்னு இவளையும் கெளப்பிவிட்டுட்டியே. இவ வேலையை விட்டுட்டா நம்ம கதி என்னடி?"

அம்மாவின் பயம் நியாயமானதுதான். அப்பா போனபிறகு வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, கிருமி சாக நீராவியில் வைத்தெடுப்பது அவள் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அதுவரை அவள் எடுத்த விடுப்பெல்லாம் காய்ச்சலுக்கும் சாவுக்கும்தான். சாப்பிடும்போது நான் என் பயணக் கதைகளை அளந்துகொண்டிருந்தேன். அவள் சோற்றில் கைவைத்தபடியே கேட்டாள். பிறகு ஒருநாள் ஒரு வாரம் விடுப்பு வாங்கிவந்தாள்.

பையை அடுக்கியதும் ஆஸ்பத்திரிப் பழக்கப்படிதான். ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனித் துணியில் சுற்றி, முனை மடித்து, நாடா ஒட்டினாள். ஆபரேஷனுக்கா போகிறாய் என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

முதலில் படங்கள் வந்தன. ஒன்றில், முன்பின் தெரியாத நாலு பேரோடு பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு அக்காவை நான் பார்த்ததே இல்லை. அப்புறம் அவள் போன் அடங்கிப்போனது. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. என் முகத்தில் விழிக்கவுமில்லை.

நடந்தது இதுதான். மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. போன் நனைந்து செத்தது. விடுதிக்குப் போய்ப் பையைத் திறந்தால் சுற்றியிருந்த துணிகள் ஈரம். உள்ளே உடுப்புகள் காய்ந்துதான் இருந்தன. ஆனால் அக்கா ஒன்றையும் பிரிக்கவில்லை. அவள் வேலையில், சுற்றிய துணி நனைந்துவிட்டால் உள்ளே இருப்பதும் கெட்டதாகக் கணக்கு, தொடக்கூடாது. கை அந்தச் சட்டத்தை மறக்கவில்லை. போட்டிருந்த ஈரத்தோடே படுத்துக் காய்ச்சலில் விழுந்தாள். விடுதிச் சமையல்காரம்மாதான் பொட்டலங்களைப் பிரித்து மாற்றிவிட்டாராம். "உடுத்தத்தானே கொண்டுவந்தே, கொலு வைக்கவா?" என்று வைதாராம்.

சொன்ன நாள் தாண்டித்தான் திரும்பினாள். தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதையெல்லாம் அக்கா துடைத்துப்போட்டுவிட்டாள். தாங்க முடியாமல் போனது அந்த அறைதான். வேலைக்கு நடுவே தாழ்வாரத்துக்கு வந்து நிற்க ஆரம்பித்தாள்.

"அங்க ஜன்னல் இல்லைங்கிறதே எனக்கு முன்னாடி உறைக்கலடி," என்றாள் துணி காயப்போடும்போது. "இப்ப உள்ள போனாலே மூச்சு முட்டுது."

போகாமலே இருந்திருக்கலாமோ என்று இழுத்தேன்.

"அதை மட்டும் சொல்லாத. காய்ச்சலோட படுத்துக்கிட்டு மேகம் எறங்கி வர்றதைப் பாத்தேன். யாரும் என்னை எதுவும் கேக்கல. அப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததே இல்ல."

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அன்று முழுக்க என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

பிறகு எனக்கு வெளியூரில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்தது. அக்கா அந்த அறைக்கே போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாகியிருக்கும், மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது.

"வேலையை விட்டுட்டேன். பஸ்ல இருக்கேன். அம்மாகிட்ட நீயே சொல்லிடு, உனக்குத்தான் திட்டு வாங்கிப் பழக்கம். கொஞ்ச நாளைக்கு வீட்டை நீ பாத்துக்க."