மூன்று ஜாக்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவை ஒரு பெரிய நட்டத்திலிருந்து காப்பாற்றினேன். பல வருடங்களாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் குடியேறிய நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில், மாமா வீட்டு பேஸ்மென்டில் ஞாயிறு பின்னேரங்களில் பெரியவர்கள் சீட்டுக்கட்டோடு காட்ஸ் விளையாடுவார்கள். முதலில் முந்நூற்றிநாலு என்ற ஆட்டம். அது எனக்கு அத்துப்படி. அதில் ஜாக்தான் பெரியது, முப்பது புள்ளி. ராஜாவுக்கு வெறும் மூன்று. பிறகு யாரோ போக்கரைக் கொண்டுவந்தார்கள். காசு வைத்து ஆடும் ஆட்டம் என்பதால் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. காட்ஸ் அதே காட்ஸ்தானே என்று நானும் கேட்கவில்லை.

அன்று அப்பா கார் திருத்த வைத்திருந்த காசோடு வந்திருந்தார். கியர்பொக்ஸ் பழுதாகி, கார் இரண்டு கிழமையாக வீட்டு வாசலில் நின்றது. கராஜ்காரர் கேட்டதில் பாதிதான் கையில் இருந்தது. மீதியை விளையாடி எடுக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தின்னக் கொடுக்க ரோல்ஸ் தட்டோடு போய், யூனியன்வில்லிலிருந்து வரும் அங்கிளின் பின்னால் நின்றேன். பெரிய வீட்டுக்காரர், தோற்றாலும் சிரிப்பார். ஆளுக்கு இரண்டு காட்ஸ் மறைவாகக் கொடுத்திருந்தார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவான காட்ஸ் ஒவ்வொன்றாக விரிந்தன. மற்றவர்கள் விலகிவிட, அப்பாவும் அங்கிளும்தான் மிச்சம். அங்கிள் தன்னுடையதைத் தூக்கிப் பார்த்தபோது நானும் பார்த்துவிட்டேன். இரண்டும் ஜாக். நடுவிலும் ஒரு ஜாக் கிடந்தது. தொண்ணூறு புள்ளி.

அப்பாவோ பெருமூச்சு விட்டார். கொஞ்சம் காசு வைத்தார். தலையைச் சொறிந்தார். "உதுக்கு மேல எனக்கு ஏலாது" என்று முனகியபடியே இன்னும் கொஞ்சம் வைத்தார். பாவம் அப்பா, விலகத் தெரியாமல் மாட்டிக்கொண்டாரே என்று நினைத்தேன். கடைசிக் காட் விரிந்ததும் அங்கிள் தன் காசு அத்தனையையும் நடுவே தள்ளினார். அப்பாவின் கை தன்னிடம் எஞ்சியிருந்த காசை நோக்கிப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா, வைக்காதேங்கோ. அங்கிளிட்ட மூண்டு ஜாக் இருக்கு."

ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் காட்ஸைக் கவிழ்த்து வைத்தார்.

"பிள்ளை உங்கடை காட்ஸைச் சொல்லிப்போட்டாள். தெரிஞ்சுகொண்டு நான் காசு வைக்கிறது சரியில்லை. நீங்கள் எடுங்கோ."

மாமா பொறுக்கமுடியாமல் அப்பாவின் காட்ஸைத் திருப்பினார். இரண்டும் ராஜா. நடுவில் கிடந்ததோடு சேர்த்து மூன்று. வெறும் ஒன்பது புள்ளி. ஒன்பதை வைத்துக்கொண்டா இவ்வளவு காசைப் போட்டார் என்று எனக்கு அப்பாவில் கோபம்கூட வந்தது.

அங்கிள் அன்று சிரிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் வைச்ச காசையாவது எடுங்கோ" என்றார்.

"விடுங்கோ" என்று அப்பா எழுந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் நான் செய்தது சரிதானே என்று கேட்டேன். "ஓம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகும் சொல்லவில்லை.

போக்கரில் ராஜா ஜாக்கை வெல்லும் என்று பல்கலைக்கழக விடுதியில் காட்ஸ் ஆடும்போது ஒரு தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெருமூச்சும் முனகலும் அங்கிளின் காசை முழுதாக வெளியே இழுக்க அப்பா விரித்த வலை என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காட்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

எனக்குப் பத்து வயதான அந்தப் பனிக்காலம் முழுக்க அப்பா இரண்டு பஸ் மாறி மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போனார். விடியற்காலையில் அவர் பனிக்குள் நடந்து போவதை யன்னலில் நின்று பார்ப்பேன். பஸ்ஸுக்குக் கொடுக்கவாவது என்னால் கொஞ்சக் காசு மிஞ்சியதே என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.