மூன்று சுவரும் ஒரு பூட்டும்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். கம்பெனியில் மேனேஜர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'பூட்டுக்காரர்'. லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்தாறு வருஷ சர்வீஸ். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, தன் போட்டோ ஒட்டிய அட்டையையும் தொங்கவிட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். சாவி சட்டைப்பையில் இருக்கும். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சட்டம்.

மற்றவர்கள் பெரிய வேலைக்குத்தான் பூட்டு மாட்டுவார்கள். இவர் பல்பு மாற்றுவதற்குக்கூடப் பூட்டுவார். காரணம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டாளி ஒருவர் உள்ளே கைவைத்திருக்கும்போது வெளியே எவனோ சுவிட்சைப் போட்டுத் தொலைக்க, அந்த மனுஷனின் இரண்டு விரல் போனதைக் கண்ணால் பார்த்தவர் இவர். அதிலிருந்து பிடித்தது இந்தப் பழக்கம். வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளுக்குக்கூடப் பூட்டு. யாராவது கேலி பண்ணினால், "பூட்டி வெச்சா எதுவும் கெடாதுப்பா" என்பார். அந்த ஒரு நம்பிக்கைதான் பின்னால் அவரை ஒரு வாரம் படாத பாடு படுத்தியது.

மகள் விஷயத்துக்கு வருவோம். தாயில்லாத பெண். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் இரண்டே பேர். தாய் இறந்த வருஷம், பிள்ளையைச் சிரிக்க வைக்க வழி தெரியாமல், கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை வாங்கிப் போட்டார். ஆளுக்கொரு பொம்மை மனிதர். மரம் வெட்டலாம், கல் சுமக்கலாம், ஊர் கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளி முடிந்து, கல்லூரி முடிந்தும் அந்த வழக்கம் விடவில்லை. அவளுக்குத் தனியாக லேப்டாப் வந்த பிறகும் ஊர் அவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவர் திறந்தால்தான் அவள் உள்ளே வர முடியும்.

படிப்பு முடிந்ததும், மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தன் கம்பெனி ஆபீஸிலேயே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். மூன்றே வாரம். ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். செருப்புக்கு டிசைன் வரையப் போகிறாளாம்! அப்பாவிடம் மூச்சு விடவில்லை. நாலு பேர் எதிரில் மேனேஜர் சொல்லித்தான் இவருக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்தவர் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். கடைசியில், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார்.

கோபத்தில் அப்பாக்கள் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவள் யார் மகள்? பிடித்தால் பிடித்த பிடிதான். மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இவர் நம்பரிலிருந்து போன் வராதபடி தடுத்தும்விட்டாள். ஐந்து மாதம் ஆயிற்று. இவர் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீடு வெறிச்சென்று கிடந்தது தாங்காமல், நாலு மணிக்கு விளையாட்டைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில், 'ஒருவர் உள்ளே வந்தார்' என்று வந்தது. மஞ்சள் தொப்பி போட்ட பொம்மை. அவள்தான்! ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு மணி நேரம் மரம் வெட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும். இவரும் எழுதவில்லை. எதையாவது எழுதப் போய் அதுவும் கெட்டுவிட்டால்? பயம்.

போன ஞாயிறு என்ன செய்தாள் தெரியுமா? இவருடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே கல்லடுக்கி மூன்று சுவர் எழுப்பினாள். வீடு கட்டுகிறாள்! பக்கத்திலேயே! இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போனபின் அந்த மூன்று சுவரையும் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தன் வழக்கமான காரியத்தைச் செய்தார், பூட்டினார். எப்போதோ அவரது சர்வீஸ் ரிப்போர்ட்டுகளுக்காக மகள் சொல்லிக் கொடுத்த வித்தை அது. "இந்தக் கட்டத்துல டிக் போட்டா யாராலயும் எதையும் மாத்த முடியாதுப்பா." ஊர் இருக்கும் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, 'படிக்க மட்டும்' என்ற அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். இனி அந்தச் சுவர் எங்கும் போகாது. நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, சுவரை ஒரு தடவை பார்ப்போம் என்று திறந்தார். திரை கறுத்தது, விளையாட்டின் படம் இரண்டு விநாடி தெரிந்தது, பொசுக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடிக்கொண்டது. காரணம் நமக்குத் தெரிகிறது. திறந்தவுடன் அந்த விளையாட்டு தன் ஃபோல்டரில் தேதியும் நேரமும் எழுதியாக வேண்டும். எழுத விடாவிட்டால் அங்கேயே படுத்துவிடும். அவருக்குத் தெரியவில்லை, பாவம். பூட்டினால் கெடும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

லிஃப்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். நோட்டு போட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றியதை உடனே எழுதிவைப்பது. செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, மெமரி அட்டையின் உலோக முனைகளை ரப்பரால் தேய்த்து மாட்டினார். திறந்ததும் விளையாட்டு மறுபடி விழுந்தது. புதன்கிழமை திரையை ஓட்டும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தார். விழுந்தது. வியாழக்கிழமை விளையாட்டை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஊர் இருக்கும் ஃபோல்டர் மட்டும் அப்படியே இருந்தது, டிக்கும் அதிலேயே இருந்தது. இரண்டு விநாடி படம் காட்டிவிட்டுப் புதிய விளையாட்டும் விழுந்தது. நோட்டில் எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்ட டிக் மட்டும் இல்லை, ஏனென்றால் அவர் கணக்கில் அது ரிப்பேர் இல்லை, பாதுகாப்பு.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுரலாம் சார். அரை நாள் வேலை" என்றார்.

"அழிச்சா உள்ள இருக்கற ஊரு?"

"போயிடும். கேம்தானே சார்? திரும்பக் கட்டிக்கலாம்."

"அதுல மூணு சுவரு இருக்குங்க" என்றார் பூட்டுக்காரர். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். இவர் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றேகால். இன்னும் முக்கால் மணி நேரம். நாலு மணிக்கு அவள் வந்து, ஊர் மூடியிருந்தால் என்ன நினைப்பாள்? வீடு கட்ட ஆரம்பித்தேன், அப்பா கதவைச் சாத்திவிட்டார் என்றுதானே? அதை இல்லை என்று சொல்லக்கூட இவருக்கு வழியில்லை. முப்பத்தெட்டாவது தடவையாகத் திறந்து பார்த்தபோது போன் அடித்தது. முந்தின நாள் இவர் வேலை பார்த்த ஏழு மாடிக் கட்டிடத்தின் வாட்ச்மேன்.

"சார், நேத்து நீங்க போனதுலேர்ந்து லிஃப்ட் ஓடல. உங்க கம்பெனி ஆளு வந்து பாத்தாரு. மெயின் சுவிட்சுல உங்க பூட்டு தொங்குதாம், சாவி உங்ககிட்டதானாம். அஞ்சாவது மாடிக்காரர் கால்ல கட்டோட கீழயே உக்காந்திருக்காரு."

பேயறைந்தது போல ஆகிவிட்டார். சட்டைப்பையைத் தடவினார், சாவி இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் மறந்ததில்லை. நேற்று மனசெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. மணியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கட்டுப்போட்ட காலோடு ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கும்போது இங்கே எப்படி உட்கார்ந்திருப்பது? சைக்கிளை எடுத்தார்.

மோட்டார் அறையில் அவருடைய போட்டோவே அவரைப் பார்த்துக்கொண்டு தொங்கியது. பூட்டைக் கழற்றி சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் சமர்த்தாகக் கீழே இறங்கிப் போனது.

கீழே வாட்ச்மேன், "அப்ப லிஃப்ட்ல ரிப்பேர் ஒண்ணும் இல்லையா சார்?" என்றார்.

"ரிப்பேரே இல்ல. நான்தான் பூட்டிட்டேன்."

சொன்னவர் அப்படியே நின்றார். வாட்ச்மேன், "சார்? சார்?" என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. அடுத்த நிமிஷம் சைக்கிள் பறந்தது. கம்பெனியில் யாராவது அந்த வேகத்தைப் பார்த்திருந்தால் பூட்டுக்காரருக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

வீடு சேர்ந்தபோது நாலு முப்பத்தெட்டு. மூச்சு வாங்க உட்கார்ந்து, அந்த டிக்கை எடுத்தார். விளையாட்டைத் திறந்தார். படம் வந்தது, நின்றது, ஊர் விரிந்தது. மூன்று சுவரும் அப்படியே இருந்தன. மஞ்சள் தொப்பி இல்லை. தன் பொம்மையைச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நாலே முக்கால் ஆனது. நாலு ஐம்பது ஆனது. போய்விட்டாள் என்று நினைத்தார்.

'ஒருவர் உள்ளே வந்தார்.'

மஞ்சள் தொப்பி நேராகச் சுவரோரம் வந்து நின்றது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாகத் திரையில் எழுத்து வந்தது.

"நாலு மணிலேர்ந்து தட்டிட்டே இருக்கேன். பூட்டியிருந்துச்சு."

அவர் இரண்டே விரலால் தட்டுகிறவர். எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார்.

"நான்தான் பூட்டிட்டேன். உன் சுவரு போயிடக் கூடாதுன்னு. அதுல எல்லாமே நின்னுபோச்சு. தப்பு என்மேலதாம்மா. அன்னிக்குச் சொன்னதும் தப்பு."

பிறகு மஞ்சள் தொப்பி குனிந்து ஒரு கல்லை வைத்தது. இன்னொரு கல். நாலாவது சுவர் எழும்பத் தொடங்கியது.

"கதவுக்கு மரம் பத்தாதுப்பா. நீ போய் வெட்டிட்டு வா."

அப்பா! அந்த ஒரு வார்த்தையில் திரை கலங்கிப்போனது. கோடரியை எடுத்துக்கொண்டு போன அவருடைய பொம்மை இரண்டு தடவை மரத்தில் போய் முட்டிக்கொண்டது. ஐந்து மணி தாண்டியும் அவள் போகவில்லை. கதவைப் பொருத்தி முடித்தபோது ஆறு.

"பூட்டு வேணுமாப்பா?" கேலிதான். அவருக்குத் தெரியாதா?

யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"ஒண்ணு மாட்டு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."