தங்கை கேட்ட டர்க்காய்ஸ்

டர்க்காய்ஸ் சாந்தமான நிறம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறத்தைப் புடவைக் கடையில் ஆனந்தா ப்ளூ என்கிறார்கள், என் அம்மா மயில்கழுத்து என்கிறாள். நிம்மதி, கடல், வானம் என்று ஆளாளுக்கு அதற்குப் பட்டம் கட்டுகிறார்கள். அது பார்த்தால் பசு, பாய்ந்தால் புலி. நம்பாதவர்கள் என் தங்கையின் வளைகாப்பு ஆல்பத்தைப் பார்க்கலாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் காகிதக் கைவேலையும் மிக்ஸ்டு மீடியாவும் சொல்லிக் கொடுக்கிறேன். மிக்ஸ்டு மீடியா என்றால் பெரிய வித்தை இல்லை. காகிதம், பெயிண்ட், துணி, கம்பி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே பலகையில் ஒட்டுவதுதான். முதல் வகுப்பில் நான் செய்யச் சொல்வது ஒரே ஒரு பயிற்சி. பார்சல் வந்த அட்டைப்பெட்டியில் இரண்டு துண்டு கிழித்து, ஒன்றை வெள்ளைத் தாள்மேல் வைக்க வேண்டும், இன்னொன்றை டர்க்காய்ஸ் தாள்மேல் வைக்க வேண்டும். வெள்ளையில் அட்டை வெறும் அட்டையாகக் கிடக்கும். டர்க்காய்ஸில் அதே அட்டை ஆரஞ்சாக எழுந்து நிற்கும். பிள்ளைகள் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள்.

டர்க்காய்ஸுக்கும் ஆரஞ்சுக்கும் ஜென்மப் பகை. பழுப்பிலோ மஞ்சளிலோ துருவிலோ ஒரு சொட்டு ஆரஞ்சு ஒளிந்திருந்தாலும், இது அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துவிடும். அதனால்தான் கடுகு மஞ்சளையும் துருப் பழுப்பையும் அரக்கையும் இதன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்வேன். அடித்துக்கொள்ளட்டும், பலகைக்கு உயிர் வரும். வெளிர் பிங்க் வைத்தால் இரண்டும் சமாதானமாகப் போய்விடும். பிறந்தநாள் கேக்குக்கு அது போதும். கத்தரிக்கோலையும் நான் சீக்கிரம் தொட விடுவதில்லை. கையால் கிழித்த காகிதத்துக்குத்தான் ஓரத்தில் வெள்ளை நார் தெரியும், அதன்மேல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால்தான் அடியில் இருக்கும் நிறம் மேலே வரும்.

இந்தப் பயிற்சியை நான் முதலில் செய்ய வைத்தது என் தங்கையைத்தான். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், நான் வகுப்பே ஆரம்பிக்கவில்லை. அவளுக்கு டர்க்காய்ஸைக் கண்டாலே ஆகாது. "அதுங்கிட்ட நின்னாப் போதும், எம் மூஞ்சில இருக்கற பரு எல்லாம் ஊருக்கே தெரியுதுக்கா" என்பாள். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த அந்த நிறச் சுடிதாரைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

அவளைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை படித்தவர், நல்ல வேலை, குடி கிடையாது, குனிந்த தலை நிமிராமல் பேசுவார். கல்யாணமான பிறகு அவள் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்ததே அபூர்வம். போன் செய்தால் பேசுவாள், சிரிப்பாள், ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருக்கும். அம்மா, "புகுந்த வீட்ல அப்பிடித்தான், பழகிடுவா" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எதன்மேல் எரிச்சல் என்று அப்போது தெரியவில்லை.

அவள் உண்டானபோது எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, கையோடு தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். காலம்காலமாக நடப்பதுதானே. ஆனால் அவள் மாமியார் மறுத்துவிட்டார். "புள்ளத்தாச்சி ஆறு தாண்டக் கூடாது சம்பந்தி. நடுவுல வெள்ளாறு இருக்குல்ல? வளைகாப்ப இங்கயே வெச்சிக்கலாம், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கயே இருக்கு." கல்யாணமானபோது அவள் அதே வெள்ளாற்றைத்தான் தாண்டிப் போனாள் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அம்மா என் கையை அழுத்திவிட்டாள்.

வளைகாப்பு மேடை அலங்காரம் என் பொறுப்பு. அதைப் பற்றிப் பேச விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தங்கைக்குப் போன் செய்தேன். அரக்கும் தங்கமும் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"பின்னாடி டர்க்காய்ஸ் போடுக்கா" என்றாள்.

எனக்கு ஆச்சரியம். அதற்குள் மாப்பிள்ளையின் குரல் உள்ளே புகுந்தது. "அக்கா, பிங்க் போடுங்க. வளைகாப்புக்கு அதான் நல்லா இருக்கும்."

"டர்க்காய்ஸ்தான் வேணும்" என்றாள் அவள். சட்டென்று, கொஞ்சம் உரக்க. போன் வைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைத்தாச்சிக்கு ஆசை மாறும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு, அடுத்த நாளே டிஷ்யூ காகிதமும் தெர்மாகோல் பலகையும் வாங்கப் போய்விட்டேன்.

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபம். காலையிலேயே போய்ப் பலகைகளை நிறுத்தினேன். டிஷ்யூ காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பசை தடவிச் சுருக்கம் விழ ஒட்டி, மேலே டர்க்காய்ஸ் பூசியிருந்தேன். ஓரங்களில் கடுகு மஞ்சள் காகிதப் பூக்கள். பார்க்கவே திமிராக இருந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தார், பார்த்தார், சிரித்தார். "பிங்க்னு சொன்னேன்ல?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, ஓரப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து முழங்காலில் வைத்து உடைத்தார். சிரிப்பு மாறவே இல்லை. துண்டுகளைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார். நான் பசைக்குச்சியை உருக்கி ஊற்றும் பசைத் துப்பாக்கியைச் சுவர் பிளக்கில் சொருகி, சூடேற்றி, உடைந்ததை ஒட்ட ஆரம்பித்தேன். அந்த ஆளை அதே முழங்காலில் வைத்து உடைக்க வேண்டும் போல இருந்தது.

தங்கையை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, முகத்தில் அப்பிய மேக்கப். வாசலில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தாள். டர்க்காய்ஸுக்கு முன்னால் உட்கார்ந்த அடுத்த நொடி, காதடியிலிருந்து தாடை வரைக்கும் ஒரு பட்டை எழுந்து நின்றது. ஆரஞ்சுப் பட்டை. கழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரல் விரலாக இன்னும் சில. ஆறிக்கொண்டிருக்கும் ரத்தக்கட்டு மஞ்சளும் பழுப்புமாக இருக்கும், மேலே பவுடர் போட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. பின்னாலிருந்த நிறம் அதைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் வகுப்பில் காட்டுகிற அட்டைத் துண்டு இப்போது என் தங்கையின் தாடையில் இருந்தது.

அவள் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் முதலில் சந்தனம் பூச வந்தார். கன்னத்தில் தொட்டு வைப்பதுதான் முறை. அவரோ தாடை, கழுத்து என்று அள்ளி அள்ளி அப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அப்புறம் வளையல். முதல் வளையலை ஏற்றும்போதே தங்கை அலறிவிட்டாள். பெண்கள் எல்லாரும் வளையல் வாங்கி வந்தவளைப் பிடித்துக்கொண்டார்கள். "சைஸ் பாத்து வாங்க மாட்டியா? புள்ளத்தாச்சி கை வீங்கி இருக்கும்னு தெரியாதா?" வளையலின் அளவில் குறையில்லை. வீக்கம் ஒரு கையில் மட்டும் எப்படி வரும் என்று அத்தனை பேரில் ஒருத்தியும் கேட்கவில்லை.

மறு கையில் வளையலை அடுக்கினார்கள். அம்மா எழுந்து போய் வீங்கிய கையைத் திருப்பினாள். மணிக்கட்டைச் சுற்றி அதே மஞ்சளும் பழுப்பும். "என்னாடி இது?"

தங்கை தன் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "முந்திரிக்கொட்ட சுட்டேன்மா. ஓட்டுல இருந்து எண்ண தெறிச்சிடுச்சி."

இந்தப் பொய்யை அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா முந்திரிக்காடு சூழ்ந்த காடாம்புலியூரில் பிறந்தவள். சின்ன வயதில் முந்திரி உடைத்த விரல்கள் அவளுடையவை, அதன் கறை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. தன் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "முந்திரி எண்ண பட்டா வெந்து கருத்துப் போவும், தோலு உரியும். மஞ்சளா ஆவாது. எங்கிட்டயேவா?" பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "எம் பொண்ண கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள்.

"எங்க போறா? ஆறு தாண்டக் கூடாதுன்னு சொன்னோம்ல" என்றார் மாமியார்.

"அடிக்கிற கைதான் அணைக்கும், விடும்மா. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் சமாதானம் பேசினார். அவர் தாடையில் ஒன்று விட்டு, அப்புறம் அணைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது.

தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். மாப்பிள்ளை மேடையில் பாய்ந்து அவளுடைய வளையல் போட்ட கையைப் பிடித்து முறுக்கி உட்கார வைக்கப் பார்த்தார். அத்தனை கண்ணாடி வளையலும் ஒரே நேரத்தில் நொறுங்கின. ரத்தம் பட்டுப்புடவையில் வழிந்தது. "ஐயோ, வளையல் உடைஞ்சிடுச்சே, அபசகுனமாச்சே" என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள். கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

பசைத் துப்பாக்கி இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவளைப் பிடித்திருந்த கையின்மேல் அதன் மூக்கை வைத்து விசையை அழுத்தினேன். அவர் கத்திய கத்தல் கீழ வீதி வரைக்கும் கேட்டிருக்கும். கையை உதறிக்கொண்டு, மறு கையால் என் கன்னத்தில் அறைந்தார். நான் பலகைகளின் மேல் விழுந்தேன், மொத்த டர்க்காய்ஸும் என் மேல் சரிந்தது. காதுக்குள் இரைச்சல், வாயில் ரத்தம். எழுந்தபோது கைக்கு எட்டியது சீர்வரிசைத் தாம்பாளம். பழங்களைக் கொட்டிவிட்டு அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். மூக்கு உடைந்தது. இன்னொரு முறையும் அடித்தேன், அது தேவையில்லைதான். என் மாமா வந்து இடுப்போடு பிடித்துத் தூக்கினார். அடித்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. தாம்பாளம் நெளிந்துவிட்டது, வருத்தம் அதற்குத்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் பெண் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. அன்று அது எங்களுக்கு நன்றாக உதவியது. மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாமா முன்னால் நடக்க, நாங்கள் தங்கையை நடுவில் வைத்துக்கொண்டு காரில் ஏறினோம். வெள்ளாற்றுப் பாலம் வந்தது. "தாண்டியாச்சி" என்றாள் அம்மா.

அன்றே ஆஸ்பத்திரி, போலீஸ் புகார். அவர்களும் என்மேல் புகார் கொடுத்தார்கள், இரண்டும் நடந்துகொண்டிருக்கின்றன. போட்டோ எடுத்தவர் படங்களோடு வந்தார், நல்ல மனுஷர். "சந்தனம் பூசறதுக்கு முன்னாடி எடுத்ததுல கொஞ்சம் மார்க் தெரியிதும்மா, எடிட் பண்ணி எடுத்துடறேன்" என்றார். அதில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் உங்களையும் தாம்பாளத்தால் அடிப்பேன் என்றேன். அந்தப் படங்கள்தான் இப்போது எங்கள் சாட்சி.

குழந்தை பிறந்து, உடம்பும் மனசும் கொஞ்சம் தேறிய பிறகு தங்கை என் வகுப்பறைக்கு வர ஆரம்பித்தாள். ஒரு மதியம் இரண்டு பேரும் பலகைக்குக் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தோம். தொட்டில் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பல நாளாக இருந்த கேள்வியைக் கேட்டேன். "ஏன்டி, அத்தன நாளு பேசுனியே, ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா?"

"போன் ஸ்பீக்கர்லதான் இருக்கும். பக்கத்துல அவுரு இருப்பாரு." அவள் கிழிப்பதை நிறுத்தவில்லை. "கலரப் பத்தி என்னா வேணா பேசலாம். அவுருக்கு அது புரியாது. உனக்குப் புரியும்."

அவள் வெறுத்த நிறம். பருவைக்கூட ஊருக்குக் காட்டிக் கொடுக்கும் என்று அவள் ஒதுக்கி வைத்த நிறம்.

"நீ போன் பண்ண அன்னிக்கித் தாடையில கழுத்துல ஒண்ணும் இல்லக்கா, கையில மட்டுந்தான் இருந்துச்சி. எதா இருந்தாலும் அது காட்டிடும்னு கேட்டேன்" என்றாள். "பிங்க்னு அவுரு சொல்லியும் நான் டர்க்காய்ஸ்னு சொன்னேன்ல? போன வெச்ச ஒடனே அதுக்குத்தான் தாடையில வாங்குனேன்."

கிழித்த துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, அழுத குழந்தையைத் தூக்கப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பசையை எடுத்து, அவள் கிழித்தவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் ஒட்டினேன்.