தலைக்கு மேலே போனவர்

எங்கள் ஊரில் திருச்சி பிளேன்தான் கடிகாரம். குன்னம் பக்கம் பருத்தி எடுக்கிற பெண்கள் அதன் சத்தம் கேட்டதும், "பிளேனு போயிடுச்சு, கஞ்சி குடிக்கலாம்" என்று வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்கு முந்நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் இடுப்பு கழன்றுவிடும். பிளேன் ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடும் என்பார்கள். நான் நம்பியதே இல்லை.

துபாயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் கழித்து அதில்தான் வந்தார். அவர் கிளம்பியபோது நான் மூன்று மாதம். மகளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். சோறு ஊட்டும்போது வானத்தைக் காட்டி, "அதோ அப்பா போறாரு பாரு" என்று நான் பழக்கிவிட்டதில், அவளுக்கு அப்பா என்றால் பிளேன்தான். நேரில் வருகிறவரிடம் ஒட்டுவாளா? எனக்கு அந்தக் கவலையே அரித்துக்கொண்டிருந்தது.

அன்று காலை சென்னை ஏர்போர்ட்டிலிருந்து எங்கள் ஊர் டெலிபோன் பூத்துக்குப் பேசினார். "திருச்சி வரைக்கும் கம்பெனி டிக்கெட்டு இருக்கு. இன்னும் அரை மணி நேரத்துல பிளேனு கிளம்புது. நம்ம வூட்டு மேலதான் வரும். பாப்பாவ தூக்கிக்கிட்டு வெளிய நில்லு."

ஓடிவந்து என் சிவப்புக் கூறைப்புடவையை எடுத்தேன். ரோட்டோரம் வெங்காயம் காயவைக்கும் எங்கள் களத்தில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தேன். நாத்தனார் சிரித்தாள். "என்ன அண்ணி, பிளேன இங்கயே எறக்கப் போறீங்களா?"

"உங்கண்ணன் குதிச்சாலும் குதிப்பாரு. தள்ளி நில்லுடி."

சத்தம் வந்தது. வெள்ளையாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு, தலைக்கு நேர் மேலே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெரம்பலூர் டவுனைவிட அவர் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார்! மூன்று வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்த மனுஷன்! வாய்விட்டு அழுதேன். மகள் இரண்டு கையையும் ஆட்டி, "அப்பா!" என்று கத்தினாள். கண் சிமிட்டுவதற்குள் பிளேன் தெற்கே மறைந்தது. புடவையை எடுக்கக்கூடத் தோன்றாமல் கோழி அடிக்க ஓடினேன்.

எங்களைத் தாண்டிப் போய் இறங்கியவர், இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. சென்னையிலிருந்து ஒரு மணி நேரம், திருச்சியிலிருந்து நாலு மணி நேரம். என்ன கூத்து இது!

மகள் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். "இவரு பஸ்ஸுல வந்தாரு. எங்கப்பா பிளேனுல இருக்காரு."

அவர் முகம் செத்துப்போயிற்று. பெட்டியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான் மேலேருந்து பாத்தேனே. களத்துல செவப்புப் புடவை. பக்கத்துல அம்மா. ஒரு குட்டிப் பாப்பா ரெண்டு கையையும் ஆட்டிச்சு. அது யாரு?"

முந்தானை விலகியது. "நாந்தான்" என்றாள். பிறகு மெதுவாகப் போய் அவர் மடியில் உட்கார்ந்தாள்.

சோறு போடும்போது, "அவ்வளவு உயரத்துலேருந்து நெசமாவே தெரிஞ்சுதாங்க?" என்று வாயைப் பிளந்தேன்.

அவர் மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஜன்னல் சீட்டே கெடைக்கல. புடவைய பஸ்ஸுலேருந்துதான் பாத்தேன்."

"அப்ப இவ கையாட்டுனது?"

"ஆட்டாமயா இருந்திருப்பா?"