அண்ணி அளந்த மாடி

தெருவில் யாரைக் கேட்டாலும் ‘மீட்டரக்கா’ என்றால்தான் தெரியும். அலைபேசிக் கோபுரங்களின் அலைகள் மக்கள் புழங்கும் இடங்களில் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது அவர் வேலை. பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், சந்தை முனை என்று அலைந்து, முக்காலியின்மேல் மஞ்சள் உருண்டைத் தலை கொண்ட கருவியை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார். படம் எடுக்கிறார்கள் என்று நினைத்துத் தலைவாரிக்கொண்டு வந்து நின்றவர்களும் உண்டு.

ஓய்வு பெற்றுவிட்ட இந்நாள்களில் அவர் மனம் அந்தத் தெருக்களைவிட, தம் வீட்டு மாடிக்குத்தான் அதிகம் போகிறது.

அப்போது அண்ணன் குடும்பம் மாடியிலும், கணவரை இழந்த அவர் கீழேயும் இருந்தனர், அடுப்பு ஒன்றுதான். எதிர்க்கட்டடத்தின் உச்சியில் கோபுரம் முளைத்ததிலிருந்து, அதன் அலைகள் உடம்பைக் கெடுக்கும் என்ற பயத்தில் அண்ணிக்கு உறக்கம் போயிற்று. அண்ணன் நகரின் மறுகோடியில் வீடு பார்த்துவிட்டார். அவர்கள் போய்விட்டால் மீட்டரக்காவுக்கென்று அங்கே யாருமில்லை.

“நீ அளந்து சொல்லு. ஒண்ணுமில்லைன்னா நான் ஏன் போறேன்?” என்றார் அண்ணி.

அலுவலகத்தில் அனுமதி பெற்றுக் கருவியைக் கொண்டுவந்தார். படுக்கையறையில் எண் அடங்கியே நின்றது. திடீரென்று துள்ளி ஏறியது. அண்ணியின் முகம் வெளுத்தது. கோபுரம் கண்ணுக்கே படாத பின்னறையிலும் அதே துள்ளல். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அளக்கப் போகும் இடங்களில் கைபேசியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவது அவர் வழக்கம். வீட்டில் வண்டி ஏது? இடுப்பில் செருகிய சிறு பையில் இருந்தபடி, அது கருவியின் காதருகே கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தது.

அதைக் கீழே வைத்துவிட்டு வந்து மறுபடி அளந்தார். எண் பெட்டிப்பாம்பாய் அடங்கிக் கிடந்தது.

“முதல்ல ஏறுச்சு. நான் பயந்ததும் இறங்கிடுச்சு. நாங்க போகக் கூடாதுன்னு உனக்கு ஆசை. மீட்டருக்கும் சொல்லி வெச்சிருக்கே போல.”

ஆசை இருந்தது உண்மைதான். அதனாலேயே, எண்ணை ஏற்றிவிட்டது தம் கைபேசிதான் என்று அவர் சொன்னது சாக்குப்போக்காகவே பட்டது. முன்பின் அறியாதவர்களெல்லாம் நம்பிய சொல் சொந்த வீட்டில் எடுபடவில்லை.

“நான் கீழே போறேன் அண்ணி. நீங்களே அளந்துக்கோங்க. டவரைப் பார்த்த பால்கனியிலயும் நில்லுங்க.”

“சைபர் காட்டுமா?”

“ரேடியோ பாடுற ஊர்ல சைபருக்கு எங்கே போறது? திரையில இருக்கிற சிவப்புக் கோடுதான் எல்லை, அதைத் தாண்டுதான்னு மட்டும் பாருங்க.”

கீழே அமர்ந்து, மேலே அறை அறையாக நகரும் காலடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பால்கனியில் நெடுநேரம் ஓசையே இல்லை. பிறகு படுக்கையறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“ஏங்க, தலையணைக்கடியில என்ன, போனா? பால்கனியில சும்மா கிடந்த நம்பரு இங்கே குதிக்குது. இந்த வீட்டுல பெரிய டவர் நீங்கதான்.”

“தூங்குறவனையும் அளக்க வந்துட்டியா?” என்றார் அண்ணன்.

“அந்த வீட்டுக்காரர்கிட்ட வரலைன்னு சொல்லிடுங்க. அங்கேயும் உங்க போன் கூடவேதானே வரும்?”

அண்ணி இறங்கிவந்து கருவியை நீட்டினார். “இந்தா, உன் மீட்டர். உலை வைக்கட்டுமா?”

மன்னிப்புக் கேட்கவில்லை, இவரும் எதிர்பார்க்கவில்லை. தம் கடைசிக் காலம்வரை அண்ணி அந்த மாடியிலேயே இருந்தார். யார் வந்தாலும், “இந்த வீட்டை அளந்தவ நான்தான்” என்று பெருமையடித்துக்கொள்வார். மீட்டரக்கா ஒருநாளும் அதை மறுத்ததில்லை.