மூர்த்தி சார் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் ஒரு கயிற்றை முப்பத்தேழு முறை இழுத்தார். நான் எண்ணினேன். நான் மட்டுமா? எதிர்வீட்டு சிவண்ணா, அவர் மனைவி, ஷாமியானா போட வந்த நாலு பேர், பால்காரர்... எல்லாரும்தான் எண்ணினார்கள்.

கயிறு எங்கள் வீட்டுப் புல் வெட்டும் மெஷினுடையது. நீளமான குழாய், ஒரு முனையில் பிளேடு, மறுமுனையில் பெட்ரோலில் ஓடும் குட்டி இஞ்சின். தோளில் மாட்டிக்கொண்டு வீசினால் இடுப்புயரப் புல்லும் சாய்ந்துவிடும்.

மைசூரில் எங்கள் லேஅவுட்டில் இரண்டு வீட்டுக்கு ஒரு காலி சைட், அதாவது வீடு கட்டாத மனை. சொந்தக்காரர்கள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். பார்த்தீனியமும் பாம்பும் இங்கே இருக்கும். அதனால் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சமையல்காரருக்குச் சொன்ன கையோடு என் கணவருக்கும் சொல்லிவிடுவார்கள். சிவண்ணா வீட்டில் மறுநாள் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். பந்தலுக்குப் பக்கத்து சைட்டில் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஒன்று நெளிந்து போயிருக்கிறது.

கவனியுங்கள் — மெஷினைக் கேட்க மாட்டார்கள், மூர்த்தி சாரைக் கேட்பார்கள். ஏனென்றால் அந்த இஞ்சின் வேறு யாருக்கும் ஸ்டார்ட் ஆகாது. இடது பக்கம் சாய்க்க வேண்டும். காற்று போகிற ஓட்டையைக் கட்டைவிரலால் அடைக்க வேண்டும். அரை இழுப்பாக மூன்று. விரலை எடுத்துவிட்டு முழு இழுப்பு ஒன்று. டர்ர்ர்... பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவர்களெல்லாம் வந்து இழுத்துப் பார்த்துத் தோள்பட்டை வலியோடு திரும்பியிருக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டு உடனே வந்துவிடுவாரா? எப்படி வருவார்? நடுவில் நின்றுவிட்டால் மறுபடி அவர்தானே வேண்டும். எனவே வேலை முடியும்வரை நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். காபி வரும். காராபாத், கேசரிபாத் வரும். பையனுக்குப் பெண் பார்க்கலாமா, போர் போட்டால் தண்ணீர் வருமா என்று ஆலோசனையும் கேட்பார்கள். ரயில்வேயில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவர் அவர். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் ரிப்பேர் செய்ய நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தவர். தன் கையால் ஒரு ஸ்க்ரூவைத் திருகினதில்லை. ரிட்டயர் ஆன பிறகுதான் மனிதர் நிபுணர் ஆனார்.

அதற்கு முன்னால் ஒரு ஆறு மாதம் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் படபடப்பு. வீட்டில் சும்மா இருந்தவர் என் சமையலறையை ஸ்டோர்ஸ் ஆக்கினார். டப்பாவுக்கெல்லாம் நம்பர். புளி எந்த வரிசை, கடலைப்பருப்பு எந்த வரிசை என்று கதவில் ஒரு சார்ட். சீரகம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்று என்னை விசாரித்தார். நான் அழவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன்... அறுபதை நெருங்குகிற வயதில்! பிறகு இந்த மெஷின் வந்தது. நானும் தப்பித்தேன்.

இப்போது முப்பத்தேழு இழுப்பு.

சிவண்ணா நல்ல மனிதர். பரவாயில்லை சார், வெயில் ஏறுகிறது, உள்ளே வாருங்கள் என்றார். பத்து நிமிடத்தில் யாரையோ போனில் பிடித்து வேறு மெஷின் வரவழைத்தார். அது ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சாயங்காலம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் — எல்லாருமாகச் சேர்ந்து புதிதாக ஒன்று வாங்கி பார்க் ஷெட்டில் வைத்துவிடலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், பாவம் மூர்த்தி சாருக்கும் சிரமம் இல்லை. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அவர் அதைப் படித்தார். இரண்டாவது தோசை வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தோசையை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பெயர் வைக்கும் விழாவுக்குப் போய் ஆசீர்வாதம் செய்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்குப் போனோம். நான் எதற்குப் போனேன்? குழாய் ஆட்டோவுக்கு வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்க முனையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. திருமணத்தின்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாதேஷின் கடை. தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரர், தமிழ் பேசுவார். குட்டி இஞ்சின்கள் மட்டும்தான் பார்ப்பார். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். குழாயைக் கழற்றிவிட்டு இஞ்சினை அதன் கயிற்றாலேயே தூக்கிப் பிடித்தார். உள்ளே இறுக்கம் இருந்தால் இஞ்சின் அந்தரத்தில் தொங்கி மெதுவாகத்தான் இறங்குமாம். எங்களுடையது சர்ரென்று தரைக்கு வந்துவிட்டது. கம்ப்ரஷன் சுத்தமாகப் போய்விட்டது என்றார் மாதேஷ்.

டார்ச் அடித்து உள்ளே காட்டினார். சிலிண்டர் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். தூசி உள்ளே போய் அரைத்திருக்கிறது. ஏர் ஃபில்டர் எங்கே என்று கேட்டபடி மூடியைத் திறந்தார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு துண்டு ஸ்பாஞ்ச். எனக்கு அதை நன்றாகவே தெரியும். போன வருஷம் சிங்க்கிலிருந்து காணாமல் போன என் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்! நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

மாதேஷ் நடுநிலையாகத்தான் பேசினார். அடியில் இருக்கிற பேரிங் ஆடவில்லை, அதனால் சிலிண்டர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்றி எழுப்பிவிடலாம். ஆனால் புது இஞ்சின் விலையில் பாதிக்கு மேல் ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் போட்டால் இதே குழாயில் புது இஞ்சினே மாட்டிவிடலாம், வாரண்டியும் உண்டு.

"புதுசு போட்டீங்கன்னா ஒரே இழுப்புங்க சார். நீங்க எதுக்கு, அக்காவே ஸ்டார்ட் பண்ணிருவாங்க."

அப்போது இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பழைய இஞ்சினுக்காக வாதாட ஆரம்பித்தார். அந்தக் காலத்து மெட்டல் இப்போது வருவதில்லை என்றார். இஞ்சினுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது! புதுசு நம் மைசூர் மண்ணுக்குச் செட் ஆகாது என்றார். பழகின இஞ்சின், பழகின கை என்றார். கஞ்சத்தனம் என்றால் புரிகிறது. இவர் கஞ்சர் இல்லை. செலவழிக்கத் தயார் என்றும் சொல்கிறார், புதுசு வேண்டாம் என்றும் சொல்கிறார். இது என்ன பிடிவாதம்?

எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், புது இஞ்சின் என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன். மூன்று பேருக்கும் காபி வாங்கி வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். அவர் சந்து முனை திரும்பியதும், மாதேஷ், புதுசே மாட்டிவிடுங்கள், நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

மாதேஷ் தலையாட்டினார். பழைய இஞ்சினைத் திருப்பி, கார்பரேட்டர் பக்கத்தில் பட்டாணி பெரிசில் ஒரு ரப்பர் குமிழைக் காட்டினார். அதை நாலு தரம் அமுக்கினால் பெட்ரோல் ஏறி இஞ்சின் உடனே பிடிக்குமாம். இதில் அது விண்டு போயிருந்தது. அமுக்கினால் காற்றுதான் வந்தது. சாய்ப்பது, கட்டைவிரல், அரை இழுப்பு எல்லாமே இந்த ஓட்டைக் குமிழை வைத்துக்கொண்டு செய்கிற சர்க்கஸ்தான்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தியே சொன்னனுங்கக்கா. அஞ்சு நிமிச வேலை, மாத்திட்டா யாரு வேணாலும் ஸ்டார்ட் பண்ணலாம்னு. சாருதான் வேண்டாம்னுட்டாருங்க. அது அப்படியே இருக்கட்டும் மாதேஷு, எனக்குப் பழகிருச்சுன்னாருங்க."



இரண்டு வருஷம்! தெரிந்தே! தெருவே தோள்பட்டையில் தைலம் தடவிக்கொண்டிருக்க, இந்த மனிதர் ஒரு கிழிந்த ரப்பரைப் பொத்திப் பாதுகாத்திருக்கிறார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம். பிறகு — எழுதவே கூச்சமாக இருக்கிறது — கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சந்து முனையில் அவர் வருவது தெரிந்தது. மூன்று பேப்பர் கப்பை இரண்டு கையில் பிடிக்கத் தெரியாமல், சிந்திவிடாமல், ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் தினமும் அவர் ஜன்னல் முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒருநாள் சாயங்காலம் மாலை போட்டு, வாட்ச் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து யாருக்கும் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவரை ஒரு தெரு வாசலில் வந்து கூப்பிடுகிறது. அது வெறும் கேசரிபாத்துக்காகவா? பத்து இஞ்சின் மாற்றலாம்... அந்தக் கூப்பிடுதலை எந்தக் கடையில் வாங்குவது? குரூப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் காசு சேர்த்துப் புது மெஷின் வாங்குவதற்குள் இது ஓட ஆரம்பித்துவிடும்.

"மாதேஷ், புதுசு வேண்டாம். பழசையே எழுப்பிடுங்க. சிலிண்டர், பிஸ்டன், ஃபில்டர் எல்லாம் புதுசாப் போடுங்க. அந்த ரப்பரை மட்டும் தொடாதீங்க."

மாதேஷ் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டார். செலவுக்கு யோசிக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"அது ஒண்ணும் பெரிய காசில்லீங்கக்கா. சும்மாவே போட்டுத் தர்றனுங்க."

"வேண்டாம் மாதேஷ்," என்றேன். "அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது."